குதிகாலை நம்பி

நடக்கும்போது தரையில் முதலில் படுவது குதிகால். அது பதியும் கணத்தில் உடம்பின் வேகம் சற்றே குறைகிறது. நடையை ஆராய்பவர்கள் விசையை அளக்கும் பலகைகளைத் தரையில் பதித்து, அவற்றின்மேல் ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். குதிகால் ஊன்றும்போது தரை நம்மைப் பின்னால் தள்ளுகிறது. அதே பாதம் உருண்டு விரல்களுக்கு வந்து எழும்பும்போது முன்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு எட்டுக்குள்ளும் ஒரு பிரேக்கும் ஓர் உந்தலும் இருக்கின்றன. ஊன்றி ஊன்றித்தான் போகிறோம். இந்த ஊன்றலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தார் ஒருவர். அதுதான் ஹீலிஸ்.

பார்ப்பதற்குச் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ. குதிப்பக்கம் மட்டும் தடிமன் கூடுதல். திருப்பிப் பார்த்தால் குதியில் ஒரு குழி. அதில் குறுக்காக ஓர் அச்சு. அச்சில் இரண்டு பேரிங்குகள் பொதிந்த சக்கரம். வேண்டாதபோது சக்கரத்தை நெம்பி எடுத்துவிட்டு, குழியை ஒரு மூடியால் அடைத்துக்கொள்ளலாம். சக்கரம் பாதிக்குமேல் உள்ளே புதைந்திருப்பதால் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நடந்து போகிற பிள்ளையைப் பார்த்து யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. முன்பாதத்தில் எடையை வைத்திருக்கும்வரை அது நடை. விரல்களைத் தூக்கி எடையைக் குதிக்குத் தந்தால் அடுத்த நொடி வழுக்கல். பொத்தான், நெம்புகோல் என்று எதுவும் இல்லை. எடை எங்கே இருக்கிறதோ அதுதான் சாவி.

கேட்பதற்கு எளிது. உடம்புக்கு இதைவிடக் கடினமான ஒரு கட்டளையைச் சொல்லிவிட முடியாது.

நிற்கிறபோது நம் எடையின் மையக்கோடு கணுக்காலுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால்தான் விழுகிறது. உடம்பு எப்போதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டே இருக்கிறது. கெண்டைக்கால் தசை அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நிற்பது சும்மா இருப்பதுபோல் தோன்றினாலும் அந்தத் தசை ஓய்வதில்லை. முன்பக்கம் விழப்போனால் விரல்வரைக்கும் நீண்ட பாதம் தாங்க இருக்கிறது. கைகள் இருக்கின்றன, கண்கள் தரையைப் பார்க்கின்றன, ஓர் எட்டு எடுத்து வைத்தாலும் போதும். பின்பக்கம் அப்படியில்லை. கணுக்காலுக்குப் பின்னால் நான்கு விரற்கடைகூடப் பாதம் கிடையாது. அதற்கப்புறம் வெறும் காற்று. அங்கே கண் இல்லை, கையும் சரியாகப் போகாது. பின்னால் விழுவதைப் பற்றி நமக்கு இருக்கிற அச்சம் கோழைத்தனத்தில் வந்ததல்ல. பாதத்தின் அமைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. அந்த விளிம்பில் போய் நில், அந்த விளிம்பும் உருளும் என்கிறது இந்தக் காலணி.

குதிகால் அவ்வளவு எளிய உறுப்பும் அல்ல. பாதத்தின் 26 எலும்புகளில் பெரியது குதியெலும்பு. அதற்குக் கீழே, சிறு சிறு அறைகளாகப் பிரிந்த கொழுப்புத் திண்டு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கனத்தில் இருக்கிறது. நாயும் பூனையும் விரல்களால் நடப்பவை. அவற்றின் பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடிந்திருப்பதுபோல் நமக்குத் தெரிவது உண்மையில் அவற்றின் குதிகால். தரையையே தொடாமல் உயரத்தில் இருக்கிறது. ஓட்டத்துக்காகப் படைக்கப்பட்டவை குதியைத் தூக்கிக்கொண்டன. நாம் அதைத் தரையில் வைத்தோம். நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் உரியதாக அது ஆயிற்று.

இதைத் தலைகீழாக்கிய ரோஜர் ஆடம்ஸ் ஓர் உளவியலாளர். வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமாவில் அவருடைய பெற்றோர் ரோலர் ஸ்கேட்டிங் அரங்கு நடத்தியவர்கள். நடக்கிற வயதிலேயே சக்கரத்தோடு வளர்ந்த பிள்ளை. பிறகு அந்த உலகத்தை விட்டு விலகி, ஓரிகன் மாநிலத்தின் மனநலத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். மணமுறிவும் வேலையின் அலுப்பும் சேர்ந்து அழுத்திய நாற்பதுகளில், 1998இல், கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் கடற்கரைக்கு வந்தார். கடற்கரையோர நடைபாதையில் பிள்ளைகள் ஸ்கேட் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யோசனை தட்டியது. கடைக்குப் போய் ஓட்டக் காலணி ஒன்றை வாங்கினார். வெண்ணெய் தடவும் கத்தியை அடுப்பில் காய்ச்சி அதன் குதியைக் குடைந்தார். ஸ்கேட்போர்டுச் சக்கரத்தை அச்சோடு உள்ளே வைத்தார். 2000இல் விற்பனைக்கு வந்தது. காப்புரிமை 2002இல் கிடைத்தது.

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் காலில் சக்கரம் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பாதம் முழுவதற்கும் சக்கரம் வைத்தார்கள்; நடையைக் கழற்றி வைத்துவிட்டு உருளவேண்டியிருந்தது. நடையையும் உருளலையும் ஒரே பாதத்தில் இரண்டு அறைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஆடம்ஸுக்குத்தான் தோன்றியது. சக்கர அரங்கில் வளர்ந்தவர் நடுவயதில், வாழ்க்கை நின்றுபோன ஓர் இடத்தில், குதிகாலைக் குடைகிறார் என்பதை என்னால் வெறும் தொழில் செய்தியாகப் படிக்க முடிவதில்லை. சிறுவயதில் உடம்பு கற்ற ஒன்று நாற்பது வருடம் கழித்து வேறு உருவில் வெளியே வந்திருக்கிறது.

அவருடைய நிறுவனம் டெக்சாஸில் டாலஸை ஒட்டிய கரோல்டன் நகரில் இயங்கியது. அதே சுற்றுவட்டாரத்தில்தான் என் அக்கா குடும்பம் இருக்கிறது. தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்ப முடியாத புறநகரம் அது. அக்கா மகள் பத்து வயதில் இந்தக் காலணியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வாரம் இருமுறை பரதநாட்டிய வகுப்புக்கும் போகிறவள். இரண்டும் ஒரே காலில் நடந்ததால் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது.

நாட்டடவு பார்த்தவர்களுக்குத் தெரியும். அரைமண்டியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, குதியை மட்டும் தரையில் வைத்து விரல்களை மேலே தூக்கவேண்டும். ஹீலிஸில் உருள்கிறவர் முன்னே வைத்த பாதமும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும்: குதி தரையில், விரல்கள் வானத்தில். அதனால் அவளுக்கு இது சட்டென்று வந்துவிடும் என்று அக்கா நினைத்தாள். வரவில்லை. முதல் நாட்களில் காரைப் பிடித்தபடி நின்று, பாதத்தை அழகாகத் தூக்கிக் காட்டினாள். கையை எடுத்ததும் விரல்கள் தாமாகவே கீழே இறங்கின. எனக்குக் காரணம் புரியச் சற்று நேரமாயிற்று. நாட்டடவில் நீட்டிய குதி தரையைத் தொடுகிறதே தவிர எடையை வாங்குவதில்லை. எடை முழுவதும் மடக்கிய மற்ற காலில் இருக்கிறது. வடிவம் அதேதான், பாரம் வேறு. இவ்வளவு காலமும் குதியை ஒரு கோடாக, ஒரு தாளச் சத்தமாக மட்டுமே அவள் பழகியிருந்தாள். குதித்துமெட்டு அடவில்கூட விரலில் குதித்து எழும்பிக் குதியை அடிக்கிறோம். அடித்ததும் அது போய்விடுகிறது. குதியில் தங்குவதென்பது அவளுக்கு நடனம் சொல்லித்தராத காரியம்.

அந்தப் பழக்கம் வந்த மாலை நினைவிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், வண்டிகள் குறைந்த ஒரு மூலையில், இரண்டு மூன்று எட்டு ஓடி வந்தாள். வலது காலை முன்னே வைத்து, இடது காலைப் பின்னே இழுத்து, விரல்களைத் தூக்கினாள். வழக்கமாக அந்த இடத்தில் தோள் முன்னால் விழும். அன்றைக்கு விழவில்லை. மூன்று கார்களின் நீளம் போயிருப்பாள். தாரின்மேல் சக்கரம் கரகரவென்று அரைக்கிற சத்தம் கேட்டது. முகத்தில் சிரிப்பு இல்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது. நின்றதும் திரும்பிப் பார்த்தாள். “சித்தி, பார்த்தீங்களா? நான் ஒண்ணுமே பண்ணல. விட்டுட்டேன், அவ்வளவுதான்.”

விட்டுவிட்டேன் என்று அவள் சொன்னதைத்தான் நான் இந்தக் காலணியின் கல்வி என்று நினைக்கிறேன். இதற்கு வலிமை வேண்டியதில்லை. விரைவு வேண்டியதில்லை. பிறந்து நிற்கப் பழகியதிலிருந்து உடம்பு ஒரு திசையில் வைத்திருக்கிற சந்தேகத்தைத் தளர்த்தவேண்டும். அது மனத்தால் முடிகிற காரியமும் இல்லை. ‘பயப்படாதே’ என்று ஒரு தசைக்குச் சொல்ல முடியாது.

கால்களை ஏன் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கவேண்டும் என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. பாதங்களை அக்கம்பக்கமாக வைத்தால் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் வந்துவிடும். முன்னும் பின்னும் தாங்க எதுவும் இராது. செங்குத்தாக நிறுத்திய கழி முன்னாலோ பின்னாலோ சாயலாம் என்பது போன்ற நிலை. விழுகைகள் பல இப்படித்தான் நடக்கின்றன. ஒரு பாதத்தை முன்னே வைத்ததும் சக்கரங்கள் சைக்கிளில் இருப்பதுபோல் வரிசையாகிவிடுகின்றன. முன்பின் ஆட்டம் அடங்குகிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் சாய்ந்த பக்கம் வளைந்து போய் உடம்பை மீட்டுக்கொள்ளலாம். மெதுவாகப் போனால் ஆட்டம் அதிகம், கொஞ்சம் வேகம் இருந்தால் ஆட்டம் குறைவு. இதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் பயந்தவர் முதலில் செய்வது வேகத்தைக் குறைப்பது. தொடைகளை ஒன்றோடொன்று இறுக்கி வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் கால்கள் தனித்தனியே வழி தேடத் தொடங்கிவிடும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதலில் வலிப்பது முழந்தாளுக்குக் கீழே முன்பக்கம், எலும்பை ஒட்டி ஓடுகிற தசை. விரல்களை மேலே தூக்கிப் பிடிப்பது அதுதான். நடையில் அதற்கு அங்கங்கே கொஞ்சம் வேலை. இங்கே அது விடாமல் பிடிக்கவேண்டும். எனக்கும் அதே இடத்தில்தான் வலித்தது. அவள் அம்மாவின் அளவும் என் அளவும் ஒன்று என்பதால், வீட்டில் பெரியவர்களுக்காக வாங்கி வைத்திருந்த ஜோடியை மாட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். சொல்லிக்கொடுத்தது அவள். “கீழ பாக்காதீங்க சித்தி. எங்க போகணுமோ அங்க பாருங்க.” பாதத்தைப் பார்த்தால் தலை குனிகிறது, தலையோடு தோள் வருகிறது, தோளோடு எடை முன்னால் வந்துவிடுகிறது. தலை நம் உடம்பில் கனமான பண்டம். அதை எங்கே வைக்கிறோமோ அங்கே மற்றதெல்லாம் வரும். ஆசிரியர் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மீதியைப் பாதம் இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கவேண்டும்.

அந்த இருட்டைப் பற்றி ஆழமாக யோசித்தவர் ரஷ்ய உடலியலாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன். 1920களில் மாஸ்கோவின் உழைப்பு ஆய்வு நிறுவனத்தில், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் கைகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி அசைவுகளைப் படமெடுத்தார். சுத்தியல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பாதையில் போயிருந்தன. தேர்ச்சி என்றால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பழகியவரின் உடம்பு ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போடுகிறது என்று பெர்ன்ஸ்டைன் கண்டார். புதிதாகக் கற்பவர் மூட்டுகளையெல்லாம் விறைப்பாக்கிக்கொள்கிறார் என்பதும் அவர் சொன்னதுதான். இத்தனை மூட்டுகளை ஒரே நேரத்தில் ஆள முடியாதென்பதால் உடம்பு சிலவற்றைப் பூட்டி வைக்கிறது. பழகப் பழக ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறது.

கார் நிறுத்துமிடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் வாரம் பிள்ளைகள் பலகையைப் போல வருவார்கள், கைகள் இரண்டும் அகல விரிந்து, முழங்கால் மடங்காமல். பிறகு முழங்கால் திறக்கும். அதற்கப்புறம் இடுப்பு. கடைசியாகக் கைகள் இறங்கும். என் அக்கா மகளுக்குக் கைகள் சீக்கிரம் இறங்கிவிட்டன. நடனத்தில் கைக்கென்று தனி வேலை உண்டு என்பதால் அவற்றைக் காலுக்கு முட்டுக்கொடுக்க விடக்கூடாதென்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த இடத்தில் பரதம் உதவியது.

வித்தைகள் இதற்குப் பிறகுதான். குந்தி உட்கார்ந்தபடி உருளுதல். ஒரு காலைத் தூக்கி ஒற்றைக் குதியில் போதல். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து ரயில் விடுதல். சுழற்சியில் முதலில் தலை திரும்பவேண்டும், பிறகு தோள், அதற்குப் பின்னால் இடுப்பு. கைகளை மார்போடு சேர்த்தால் சுற்று வேகமாகும், விரித்தால் தணியும். கைப்பிடிக் கம்பியிலும் நடைபாதைச் சுவரிலும் குறுக்காக வழுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பாதத்தின் வளைவில் பிளாஸ்டிக் தகடு பதித்த காலணி வேண்டும். 1997இல் கலிஃபோர்னியாவில் சோப் என்ற பெயரில் சக்கரமே இல்லாமல் இந்தத் தகட்டோடு மட்டும் ஒரு காலணி வந்தது. அந்தப் பெயர் பின்னால் ஹீலிஸ் நிறுவனத்திடமே வந்து சேர்ந்தது.

இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் கண் நிற்பது வேறொரு இடத்தில். நன்றாகப் பழகிய பிள்ளை ஒன்று நடந்து வருகிறது. நடையில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த எட்டு வரவேண்டிய இடத்தில் எட்டு வருவதில்லை, பிள்ளை போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு எதுவும் நடக்காதது மாதிரி மறுபடி நடக்கிறது. நடை எங்கே முடிந்து உருளல் எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழிக்க முடியாது. பார்க்கிறவர்கள் கைதட்டுவது சுழற்சிக்கு. எனக்கு இந்த மாற்றம்தான் பெரிய வித்தை. ஒரு சுழற்சியைத் தனியாக எடுத்துப் பயிற்சி செய்யலாம். இதைத் தனியாக எடுக்க முடியாது, ஏனென்றால் இது நடக்கிற முறையையே கொஞ்சம் மாற்றிவிடுகிறது. சக்கரத்தைக் கழற்றிய பிறகும் அந்தப் பிள்ளைகள் நடப்பதில் ஒரு தளர்வு இருப்பதாக எனக்குத் தோன்றும்.

நிறுத்துவதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1760களில் லண்டனில் ஜோசஃப் மெர்லின் என்ற கருவி வினைஞர் இருந்தார். இன்றைய பெல்ஜியத்தின் ஹுய் நகரத்தில் பிறந்தவர். போஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் கழுத்தைத் திருப்பி மீன் பிடிக்கிற வெள்ளி அன்னப்பறவையின் பொறியமைப்பு அவர் கைபட்டது. சோஹோவின் கார்லைல் மாளிகையில் நடந்த மாறுவேட விருந்துக்கு அவர் சக்கரக் காலணி அணிந்து, வயலின் வாசித்தபடி உருண்டு வந்தாராம். திருப்பவும் வழியில்லை, நிறுத்தவும் வழியில்லை. விலையுயர்ந்த பெரிய கண்ணாடி ஒன்றில் போய் மோதினார். கண்ணாடி நொறுங்கியது, வயலினும் உடைந்தது, அவருக்கும் பலத்த காயம். அவ்வளவு நுட்பமான பொறிகளைச் செய்த மனிதருக்கு நிறுத்தம் என்ற ஒன்று அந்தக் காலணியில் தோன்றவில்லை. திருப்பத்துக்கு விடை கிடைக்க நூறாண்டு ஆயிற்று. 1863இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன், பாதம் சாய்ந்த பக்கம் சக்கரங்கள் தாமே வளையும்படி ரப்பர் வைத்த ஸ்கேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

ஹீலிஸில் விரல்களை இன்னும் மேலே தூக்கினால் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள குதியின் விளிம்பு தரையில் உராய்ந்து நிறுத்தும். அதாவது, நிற்பதற்கும் பின்னால்தான் சாயவேண்டும். பயந்தவர் உடனே விரலை இறக்கிவிடுவார். இறக்கினால் ஓடி இறங்கத் தெரிந்திருக்கவேண்டும், இல்லையென்றால் தலைகுப்புற விழவேண்டியதுதான். போவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டுமோ அதைவிட அதிகம் நிற்பதற்கு வேண்டியிருக்கிறது.

விழுகிறவர்கள் உண்மையிலேயே விழுந்தார்கள். 2006 கோடை விடுமுறையில், டப்ளின் டெம்பிள் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பத்து வாரங்களில் 67 பிள்ளைகள் இத்தகைய காலணிகளால் காயம்பட்டு வந்தார்கள். மருத்துவர்கள் அதை எழுதி அடுத்த ஆண்டு பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். பெரும்பாலும் கை முறிவு, அதிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே. ஐந்தில் ஒரு பங்கு காயங்கள் முதன்முறை மாட்டியபோதே ஏற்பட்டவை. விரித்த கையை ஊன்றி விழும்போது முறிகிற அந்த எலும்பின் முறிவைப் பற்றி 1814இல் விரிவாக எழுதியவர் ஆபிரகாம் காலிஸ். அவரும் டப்ளின் அறுவை மருத்துவர்தான். இன்றும் அந்த முறிவுக்கு அவர் பெயர். பின்னால் விழும்போதும் கை தானாகப் பின்னே போகிறது. உடம்பின் மொத்த எடையையும் உள்ளங்கை வாங்குகிறது. மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் இதில் இறக்கக்கூடாது. காலணி போல் இருப்பதாலேயே இதற்குக் கவசம் எதற்கு என்று தோன்றிவிடுகிறது. அதன் அழகிலேயே அதன் ஆபத்தும் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் ஏற்றமும் இறக்கமும் ஒரே மூச்சில் நடந்தன. 2006 டிசம்பரில் நிறுவனத்தின் பங்குகள் நாஸ்டாக் சந்தைக்கு வந்தன. அந்த ஆண்டு விற்பனை 18 கோடியே 80 லட்சம் டாலர் அளவில் இருந்தது. 2008இல் ஏறக்குறைய 7 கோடி. 2013இல் வேறொரு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பிள்ளைகளின் மோகம் அப்படித்தான், வருகிற வேகத்தில் போகும். மால்களும் பள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைப் பலகை மாட்டியதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

தடையை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு நடுவே கைத்தடியோடு நடக்கிற முதியவர் ஒருவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு குழந்தை உருண்டு வருவது நியாயமில்லை. ஆனால் தரையைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தச் சக்கரம் சிறியது. சக்கரம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறிய தடையில் அது நின்றுவிடும். ஒரு கூழாங்கல் போதும். அமெரிக்கப் புறநகர் நடைபாதைகள் கட்டம் கட்டமாக வெட்டு விட்ட சிமெண்ட். ஒவ்வொரு வெட்டிலும் குதி டக்கென்று இடறும். கார் நிறுத்துமிடத்தில் தார் சொரசொரப்பாக இருக்கும், வண்டிகள் வரும். வழவழப்பான, சமமான, மழை படாத நிலம் அந்த ஊரில் வணிகத்துக்கு மட்டுமே போடப்பட்டிருக்கிறது. பளபளக்கிற கிரானைட்டைப் பெரியவர்கள் வாங்குவதற்காகப் போட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்து இங்கே வழுக்காதே என்கிறோம். சரி, அப்படியானால் எங்கே என்பதற்கும் பதில் சொல்லவேண்டிய கடமை நமக்கு உண்டு. ஒரு பூங்காவின் மூலையில் கூடைப்பந்துத் தளம் அளவுக்குச் சமமான சிமெண்ட் தரை போட்டால் போதும். பத்துப் பதினைந்து பிள்ளைகள் அதில் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துக்கொள்வார்கள். அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டிக் கிடக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன்வாசல். அங்கே அவர்களை யாரும் விரட்டாததால் அது இன்னும் தொடர்கிறது.

அந்த வாசலில்தான் இப்போது அவள் பின்னோக்கி உருளப் பழகுகிறாள். கண்ணாடிக் கதவைப் பார்த்து நின்று இரண்டு கைகளாலும் மெல்லத் தள்ளிக்கொள்கிறாள். எடை இப்போதும் குதியில்தான், ஆனால் போகிற திசை மாறிவிட்டது. முன்னால் போகும்போது விரலை இறக்கினால் தடுக்கி விழுவாள். பின்னால் போகும்போது விரல்தான் பிரேக். ஸ்கேட்டில் விரல் நுனியில் இருக்கிற ரப்பர்க் கட்டையை உரசி நிற்பதும் இப்படித்தான். முதல் நாள் எனக்கு அவள் சொன்ன சட்டம், விரலை மட்டும் இறக்கிடாதீங்க சித்தி என்பது. அவ்வளவு பாடுபட்டு உடம்பில் ஏற்றிக்கொண்ட அந்தச் சட்டத்தைத் திசை பார்த்து மீறவேண்டியிருக்கிறது. இப்போதைக்கு அவளுக்கு விரல் இறங்க மறுக்கிறது. குதி அவளைப் போகவிட்டுக்கொண்டே இருக்கிறது, புல்தரை வந்த பிறகுதான் நிற்கிறாள்.